கயிறு எந்தப் பக்கம்

காரில் இழுத்துப்போகிற பழைய டிரெய்லர் வீட்டுக்கு ஜன்னல் திரை மாற்றுகிறவர்கள் எல்லோரும் செய்கிற முதல் தவறு, ஜன்னலை விட்டுவிட்டுப் பழைய திரையை அளப்பது. துணி வெயிலில் சுருங்கியிருக்கும், ஜன்னல் சுருங்காது. அந்த அளவுக்குத் தைத்து மாட்டினால் இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி விழும். அரிசோனா வெயிலுக்கு ஒரு விரல் இடம் தாராளம். நான் ஜன்னலைத்தான் அளந்தேன். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில். 1957இல் கையால் செய்த வண்டி என்பதால் மூன்றும் மூன்று அளவு காட்டியது. அப்படிக் காட்டினால் இருப்பதில் சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

திரையைப் பற்றி நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள், மேடம். மற்ற ஜன்னல்களில் எல்லாம் பழைய திரை தொங்கும்போது கட்டிலோரத்து ஜன்னலுக்கு மட்டும் ஏன் புதுசு என்றீர்கள். நல்ல கேள்வி. உங்கள் ஷெரிப் அலுவலகத்திலிருந்து இத்தனை பேர் வந்து வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்கள், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. என் அப்பா இருந்திருந்தால் உங்களைக் கடையில் வேலைக்கு வைத்துக்கொண்டிருப்பார்.

அப்பா பழைய சாமான் சந்தைகளில் கடை போட்டவர். விளக்கு, கதவுக் குமிழ், பித்தான், உடையாத கண்ணாடிக் கிண்ணம், உடைந்து ஒட்டிய கண்ணாடிக் கிண்ணம். நான் நடக்கக் கற்றதே அந்த மேசைகளுக்கு அடியில்தான். வருகிறவனின் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்பார் அப்பா. முகம் வேண்டாம் வேண்டாம் என்று நடிக்கும், பிடித்துப்போன சாமானைக் கை கீழே வைக்காது. இன்னொன்றும் சொல்வார். பேரத்தில் 'சரி' என்ற சொல் விழுந்துவிட்டால் கதை முடிந்தது. பிறகு வாங்கினவன் வந்து அழுதாலும், பெண்டாட்டியைக் கூட்டிவந்து அழவைத்தாலும், சாமானைத் திரும்ப எடுக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் தேவாலயத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறோம், இதை மீறியதில்லை.

என் கணவர் வெண்டல், அப்பாவுக்குப் பிறகு நான் நடத்திய கடைக்கு முதலில் வந்தது ஒரு ஜன்னல் கைப்பிடிக்காக. அப்போது எனக்கு நாற்பத்து நாலு வயது. அவருக்கு நாற்பத்தேழு, முதல் மனைவி இறந்திருந்தாள், மகள் ஜனீன் ஒரிகனில் படித்துக்கொண்டிருந்தாள். அரசாங்கத்தில் பாலங்களைச் சோதித்துச் சான்று எழுதும் வேலை. நான் சொன்ன விலையை அப்படியே எடுத்து நீட்டினார். பேரம் பேசாத மனிதர், எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன். பேரம் பேசாதவர் விட்டுக்கொடுக்கவும் மாட்டார் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்தக் கைப்பிடி இந்த வண்டிக்குத்தான். நெப்ராஸ்காவில் ஒரு கோழிக் கொட்டகைக்குள் கிடந்ததைக் கண்டுபிடித்து இழுத்துவந்திருந்தார். பதினாறு அடி நீளம், ஏழடி அகலம். அதோடு வண்டி செய்த வருஷத்துக் கம்பெனி கேட்லாக் ஒன்றும் எங்கிருந்தோ கிடைத்தது. அதில் உள்ளபடி ஒவ்வொன்றாகத் திருத்தினார். வேலை முடிந்ததும் என் வீட்டை விற்றோம், கடையை மூடினோம், அதற்குள் குடிபோனோம். பதினாறு அடியில் ஒருவர் நடந்தால் இன்னொருவர் உட்கார வேண்டும். உட்கார்ந்தது நான்.

சமையல் அலமாரிக் கதவுக்கு மஞ்சள் அடிக்கலாமா என்று கேட்டேன். "கேட்லாக்ல இல்ல, டெல்பா" என்றார். கோப்பை மாட்ட நாலு கொக்கி அடிக்கலாமா என்றேன். கேட்லாக்கில் இல்லை. என் அப்பாவின் மேசை விளக்கை ஜன்னலோரம் வைக்கலாமா என்றேன். அதுவும் இல்லை. குரலை உயர்த்தமாட்டார், என் தோளைத் தட்டிக்கொடுத்தே சொல்வார். என்னை அடித்திருந்தால் அன்றைக்கே உங்களைத் தேடி வந்திருப்பேன். 'கேட்லாக்ல இல்ல' என்பதற்கு எந்தச் சட்டப் பிரிவில் புகார் எழுதுவீர்கள்?

கேட்லாக்கின் அட்டையில் ஒரு பெண் ஏப்ரன் கட்டி, கேக் தட்டை ஏந்தி வண்டி வாசலில் நிற்பாள். எனக்கு அதே ஏப்ரனைத் தைத்து வாங்கினார். பழைய வண்டிக்காரர்கள் கூடும் விழாக்களில் எல்லோரும் எல்லோருடைய வண்டிக்குள்ளும் ஏறி இறங்கிப் பார்ப்பார்கள். அவர்கள் வரும்போது நான் வாசலில் தட்டோடு நிற்க வேண்டும். பதினெட்டு விழாக்களில் நின்றிருக்கிறேன். அந்த அட்டைப் பெண்ணுக்குப் பெயர்கூடப் போட்டிருக்கவில்லை.

குறையாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அவருக்குக் குடிப்பழக்கம் இல்லை. இருபத்தேழு வருஷம் நன்றாகத்தான் போயிற்று.

இந்த ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுதும் போயிற்று, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம். 'சரி.' சிலருக்கு அப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், வாயைத் திறந்தால் அதுதான் வரும், அர்த்தம் பார்க்காதீர்கள் என்றார் டாக்டர். சிலருக்கு வசவு தங்குமாம். எங்களுக்கு அதிர்ஷ்டம்.

நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். இருபத்தேழு வருஷமாக எனக்கென்று அவர் வாயில் வராத ஒரே சொல் அது. வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் நான் சும்மா கேட்டுப்பார்த்தேன். "வெண்டல், அலமாரிக் கதவுக்கு மஞ்சள் அடிக்கட்டுமா?"

"சரி" என்றார்.

அடித்தேன். கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் காரணமில்லாமல் கண் கலங்கும் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த கையேட்டில் போட்டிருக்கிறது. கொக்கி அடிக்கட்டுமா? சரி. ஏப்ரனைக் கிழித்துத் தரை துடைக்கட்டுமா? சரி. ஒவ்வொன்றையும் அவரைக் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். கேட்காமல் நான் எதையும் செய்யவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி திரைக்கு வருகிறேன். இந்த வண்டிகளை நிறுத்திக் குடியிருக்கிற எங்கள் முகாமில் இருப்பவர்கள் எல்லோரும் அறுபது தாண்டியவர்கள், பாதிப் பேர் தனிக்கட்டை. அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காலை ஒன்பது மணிக்குள் பாதைப் பக்கத்து ஜன்னலில் ஒரு திரையை முழுதாக ஏற்றிவிட வேண்டும். ஏறியிருந்தால் உள்ளே எல்லோரும் நலம், தொந்தரவு செய்யாமல் போகலாம். ஏறாவிட்டால் பக்கத்து வண்டிக்காரர் வந்து தட்டுவார். எந்தத் திரையாவது சரிபாதியில் நின்றால் அவசரம், யாராக இருந்தாலும் ஓடிவர வேண்டும். போனை மறந்துவிடுகிறவர்கள்கூட இதை மறக்கமாட்டார்கள்.

எங்களுக்குப் பாதைப் பக்கம் இரண்டு ஜன்னல். ஒன்று அடுப்புக்கு மேலே, இன்னொன்று கட்டிலோரம். கட்டிலோரத்தில் இருந்தது பழைய சுருள் திரை, நடுவில் ஒரு வளையம் தொங்கும். அந்த ஜன்னல் வெண்டலுக்கு இடது கைப் பக்கம்.

மார்ச்சில் ஒரு காலை. நான் வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வண்டி ஹாலிஸ் வேகமாக வந்தார். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர், எந்த வீட்டு நாயையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

"டெல்பா, உன் வீட்டுக்காரர் பாதித் திரை போட்டிருக்கார். என்ன, உன் சமையல்கிட்டேருந்து காப்பாத்தணுமாம்மா அவரை?"

இருவரும் உள்ளே போனோம். ஹாலிஸ் கட்டிலருகே குனிந்தார். "என்னப்பா வெண்டல், என்ன வேணும் உனக்கு?"

"சரி."

"மகளுக்குப் போன் போடட்டுமா?"

"சரி."

"இல்ல, என்கூடச் சீட்டாடித் தோக்குறியா?"

"சரி."

ஹாலிஸ் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் நான் கையைப் பார்த்து வளர்ந்தவள். வெண்டலின் இடது கை ஹாலிஸின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட வேண்டியிருந்தது.

திரையில் ஸ்பிரிங் போய்விட்டது, தானாகப் பாதியில் நின்றுவிடுகிறது என்று ஹாலிஸிடம் சொன்னேன். நம்பினார். நான் சரிபண்ணித் தரேன் என்றார். வேண்டாம், புதுசு சொல்லியாச்சு என்றேன். அந்த வாரத்தில் ஸ்பிரிங் இன்னும் இரண்டு தடவை போயிற்று. வயதான மனிதரை அப்படி வெயிலில் ஓடவைப்பது நியாயமா? அதனால்தான் புதுத் திரை.

ஓபல் என்று ஒருத்தி சந்தையில் வண்டித் திரைகள் தைத்துக்கொடுக்கிறாள். என் அப்பா காலத்து வியாபாரம் தெரிந்தவள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே அரைமணி நேரம் விலை பேசினோம். எனக்கு அந்த வருஷத்திலேயே நல்ல பொழுது அதுதான். இரண்டு துண்டு மாதிரித் துணி கொடுத்தனுப்பினாள். ஒன்று மெல்லிய வெள்ளை, உள்ளே ஆள் அசைந்தால் வெளியே நிழல் தெரியும். இன்னொன்று சாம்பல் நிறம், முதுகில் ரப்பர் பூசியது, வெளிச்சம் ஊசிமுனை அளவும் புகாது. இரண்டையும் வெண்டலின் மடியில் வைத்தேன். வெள்ளையைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"அப்போ சாம்பலே வாங்கிடட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். நான் காத்திருந்தேன், விற்கிறவளுக்குப் பொறுமை வேண்டும். கடைசியில் வந்தது. "சரி."

மறுநாள் ஓபல் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள்: "திரையோட ரெண்டு ஓரமும் தகட்டுப் பள்ளத்துக்குள்ள ஓடும், கயிறு இழுத்தாத்தான் அசையும். கயிறு எந்தப் பக்கம், கண்ணு? இடதா, வலதா?"

எங்கள் கட்டிலில் இடது என்றால் தலைமாடு. வலது என்றால் கால்மாடு. அதையும் அவளிடம் சொன்னேன், மறைக்கவில்லை.

"படுத்திருக்கிற மனுஷருக்குத் தலைமாட்டுல வச்சா அவரே இழுத்துக்குவாரே" என்றாள்.

"கேட்லாக்ல வலது பக்கம்தான் இருக்கு" என்றேன்.

கேட்லாக்கில் அப்படி இல்லை. கம்பெனித் திரைக்குக் கயிறே கிடையாது. ஓபலுக்குத் துணி தெரியும், கேட்லாக் தெரியாது. வெண்டலின் அந்தச் சொல்லை நான் பயன்படுத்தியது அன்று ஒருநாள்தான். எவ்வளவு வசதியான சொல் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குமேல் எதிராளி ஒன்றும் கேட்பதில்லை.

திரையை நானே மாட்டினேன். அளவு கச்சிதம். அதன் கீழ் ஓரத்தில், தலைமாட்டுப் பக்கம், நகக்கீறல் இருக்கிறது என்று உங்கள் ஆள் படமெடுத்ததைப் பார்த்தேன். இருக்கலாம். பாலங்களைச் சோதித்தவர், துணி எவ்வளவு தாங்கும் என்று பார்த்திருப்பார். இருட்டில் போட்டுவைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கூரைத் திறப்பு வழியாகப் பகலில் வெளிச்சம் வரும். வேளாவேளைக்கு ஊட்டினேன், துடைத்துவிட்டேன், புண் வராமல் புரட்டிப்போட்டேன். உடம்பில் ஒரு புண்கூட இல்லை என்று உங்கள் டாக்டரே எழுதியிருப்பார். அடுப்பு ஜன்னல் திரையை ஒருநாள் தவறாமல் ஒன்பதுக்குள் ஏற்றினேன். ஹாலிஸ் கையசைத்துவிட்டுப் போவார். சீட்டாட வரட்டுமா என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். வெண்டல் தூங்குகிறார் என்றேன். பெரும்பாலும் அது உண்மை. இருட்டறையில் மனிதன் வேறென்ன செய்வான்?

ஏப்ரல் முடிந்ததும் முகாம் காலியாகிவிட்டது. குளிருக்கு வந்தவர்கள் வடக்கே திரும்பிவிட்டார்கள். மிஞ்சியது நாங்கள், ஹாலிஸ், இன்னும் மூன்று வண்டி.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஜனீன் போன் செய்தாள். ஒரிகனில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற நல்ல இடம் கிடைத்துவிட்டதாம். சனிக்கிழமை அவளே வந்து அப்பாவைக் கூட்டிப்போகிறாளாம்.

"மூணு மாசத்துல வாக்கியமாவே பேசிடுவார்னு சொல்றாங்க, டெல்பா. வண்டி உங்களுக்கே இருக்கட்டும், எனக்கு வேண்டாம். இல்லேன்னா நீங்களும் வாங்க, மாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு. நீங்க பட்டது போதும்."

நல்ல பெண். அப்பாவின் குணம் துளியும் இல்லை. வண்டியும் கிடைக்கிறது, கட்டிலும் காலியாகிறது, கதவும் திறக்கிறது, பிறகென்ன என்பீர்கள். போனை வைத்துவிட்டு நானும் அதையே நினைத்துப் பார்த்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மஞ்சள் கதவைப் பார்த்தேன், கொக்கியில் தொங்கும் கோப்பைகளைப் பார்த்தேன், ஜன்னலோரம் அப்பாவின் விளக்கைப் பார்த்தேன். இவர் அங்கே போய் உட்கார்ந்து, மூன்று மாதம் கழித்து வாயைத் திறந்து, ஒவ்வொன்றாக இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லப்போகிறார். சரி சொன்ன எல்லாவற்றுக்கும். அப்படிச் சாமானைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறவர்களை எங்கள் அப்பா கடைப்பக்கமே அண்டவிடமாட்டார்.

அதோடு அவர் பேசப்போகும் முதல் வாக்கியம் எதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை. ரேடியோவில் நூற்றுப் பத்து டிகிரி போகும் என்றார்கள். எட்டே முக்காலுக்கு அடுப்பு ஜன்னல் திரையை முழுதாக ஏற்றினேன். ஏர் கூலரை நிறுத்தினேன். கூரைத் திறப்பை மூடித் தாழிட்டேன். தண்ணீர்க் கோப்பையைக் கழுவிக் கொக்கியில் மாட்டினேன். காரை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய், குளிரூட்டிய ஒரு காப்பிக்கடையில் ஐஸ் டீ குடித்தேன், எலுமிச்சைக் கேக் சாப்பிட்டேன், யாரோ விட்டுப்போன பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டேன். பரிமாறிய பெண் நல்ல பேச்சுக்காரி. ஏழு மணி நேரம் போனதே தெரியவில்லை. மாலை நாலுக்குத் திரும்பினேன். கதவின் பிடி கையை வைக்க முடியாமல் கொதித்தது.

ஹாலிஸ் இரண்டு தடவை எங்கள் வண்டியைத் தாண்டிப் போனாராம். திரை ஏறியிருந்தது, அதனால் தட்டவில்லை என்று அழுதுகொண்டே உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவரிடம் சொல்லுங்கள், அவர்மேல் ஒரு தவறும் இல்லை. வழக்கப்படிதான் நடந்துகொண்டார்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். மறதி, வயசு, வெயிலில் தலைசுற்றல் என்று எனக்காக நீங்கள் ஏற்பாடு செய்த வக்கீல் பெண் ஏதோ சொல்லித்தருகிறாள். நல்ல எண்ணம்தான், வேண்டாம் என்றுவிட்டேன். ஆனால் அவருடைய சம்மதத்தோடு செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன். வண்டியைவிட்டு இறங்கும் முன் வழக்கம்போல எல்லாவற்றையும் அவரைக் கேட்டேன். கூலரை நிறுத்தட்டுமா? சரி. மேலே மூடட்டுமா? சரி. கதவைப் பூட்டட்டுமா? சரி. மூன்றுக்கும் தெளிவான பதில்.

பிறகு, நான் போய்வரட்டுமா என்று கேட்டேன். அப்போது மட்டும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு கோணி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, நாலு மாதத்தில் முதல் தடவையாக வேறொரு சொல் வந்தது.

"வேண்டாம், டெல்பா" என்றார்.

அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பக்கவாதம் வந்தவர், பாவம். என்ன சொல்கிறோம் என்று தெரிந்தா சொல்கிறார்?